கல்லூரிப் பந்தி

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1823ஆம் ஆண்டு அமெரிக்கப் பாதிரிமார் ஓர் உறைவிடக் கல்விக்கூடம் தொடங்கினார்கள். அவர்களுக்கு வந்த முதல் தலைவலி சோறு. பிள்ளைகள் வேதாகமம் படிக்கச் சம்மதித்தார்கள். ஜெபத்துக்கு வந்து உட்காரவும் சம்மதித்தார்கள். ஆனால் மிஷன் வளவுக்குள் உலை வைத்த சோற்றைத் தொட மாட்டோம் என்று விட்டார்கள். பெரும்பாலோர் வெள்ளாளர் வீட்டுப் பிள்ளைகள். மகன் ஆங்கிலம் படிக்க வேண்டும், அதே சமயம் சாதியும் கெடக் கூடாது என்பது பெற்றோரின் கணக்கு. வேறு வழி தெரியாத பாதிரிமார், பக்கத்தில் சைவர் ஒருவரின் காணியில் சமையற்கட்டை வைத்துக்கொடுத்தார்கள். பாடம் ஒரு வளவில், பந்தி மறு வளவில் என்று நாள் ஓடியது. அந்த அடுப்பு மிஷன் வளவுக்குள் வந்து சேரச் சில காலம் பிடித்தது.

ராஜபாளையத்தை அடுத்த செட்டியார்பட்டிக்கும் இந்தச் சமையற்கட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. சேத்தூர், முகவூர், செட்டியார்பட்டிப் பக்கத்துப் பையன் பள்ளிப் படிப்பு முடித்து மேலே படிக்க ஆசைப்பட்டால் தெற்கே பாளையங்கோட்டை அல்லது திருநெல்வேலி, வடக்கே மதுரை. விருதுநகர் - தென்காசி ரயில் பாதை 1927இல்தான் வந்தது. அதுவரை மதுரைக்குப் போகிறவன் விருதுநகருக்கோ சாத்தூருக்கோ மாட்டு வண்டியில் போய், 1876 முதல் ஓடிய தூத்துக்குடி ரயிலைப் பிடிக்க வேண்டும். மதுரையில் அவனுக்காக இருந்த கல்லூரிகளில் ஒன்று, 1881இல் பசுமலையில் சிறியதாகத் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி. வட்டுக்கோட்டையில் எழுந்த பந்திச் சண்டையின் அடுத்த அத்தியாயம் அந்தப் பசுமலையில்தான் நடந்தது.

அமெரிக்கப் பாதிரிமாருக்கு முதலில் இந்தியா மீதே கண். 1812இல் கல்கத்தா வந்து இறங்கிய முதல் குழுவை கிழக்கிந்தியக் கம்பெனி தங்க விடவில்லை. அவர்களில் ஒருவரான சாமுவேல் நியூவெல் இலங்கைக்குப் போய்ப் பார்த்து, யாழ்ப்பாணம் நல்ல இடம் என்று பாஸ்டனுக்கு எழுதினார். 1816இல் அடுத்த குழு அங்கே வந்து சேர்ந்தது. போர்த்துக்கீசர் காலத்தில் எழுந்து ஒல்லாந்தர் காலத்தில் திருத்தப்பட்ட பழைய தேவாலயங்களும் அவற்றை ஒட்டிய வீடுகளும் அவர்களுக்குக் கிடைத்தன. அப்படிக் கிடைத்த ஓர் இடம்தான் வட்டுக்கோட்டை. அங்கே முழு அளவில் ஒரு கல்லூரி வேண்டும் என்று கேட்டார்கள். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் இணங்கவில்லை. ஆகவே அது கடைசிவரை செமினரி என்றே அழைக்கப்பட்டது. முதல் தலைவர் டேனியல் பூர்.

செமினரியில் சேர்ந்த பையனுக்குச் சாப்பாடும் தங்குமிடமும் மிஷன் செலவு. அந்தச் செலவை ஏற்றவர்கள் அமெரிக்காவின் சபைகளிலும் குடும்பங்களிலும் இருந்தார்கள். பணம் அனுப்புகிறவர் விரும்பிய பெயரைப் பையனுக்குச் சூட்டலாம் என்பது ஏற்பாடு. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் நியூ இங்கிலாந்துக் கிராமம் ஒன்றின் தேவாலயத்தில் நிற்பதுபோல் இருந்திருக்கும்: வில்லியம் நெவின்ஸ், ஹென்றி மார்ட்டின், சேத் பேசன், ஜெரமையா எவார்ட்ஸ். எழுந்து நிற்பவர்களோ வேட்டி கட்டிய யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள். வீட்டில் சிதம்பரப்பிள்ளை, இங்கே நெவின்ஸ். பலர் இரண்டையும் கடைசிவரை வைத்துக்கொண்டார்கள். நியாய இலக்கணம் எழுதியவரைத் தமிழுலகம் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்றே அறியும்.

பாடத்திட்டம் கடுமையானது. ஆங்கிலம், கணிதம், வானவியல், வேதாகமம் இவற்றோடு தமிழ் இலக்கணமும் இலக்கியமும் உண்டு; சிலருக்கு சமஸ்கிருதமும் உண்டு. தமிழை நன்றாகப் படிக்காதவன் ஊராரிடம் எடுபட மாட்டான் என்பது பூருக்குத் தெரிந்திருந்தது. அவரும் தமிழில் தேர்ந்தவர். 1840களில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னன்ட் இந்த செமினரியைப் பார்த்துவிட்டு, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடத் தக்கது என்ற பொருளில் 1850இல் வெளிவந்த தம் புத்தகத்தில் எழுதினார்.

மாணவர்களுக்கு வானவியல் வெறும் பாடமாக இருக்கவில்லை. 1829 மார்ச் 20 அன்று சந்திர கிரகணம். அராலியைச் சேர்ந்த விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் அதற்கு ஒரு நேரம் குறித்திருந்தது. பூர் கணித்த நேரம் அதிலிருந்து கால் மணி நேரம்போல விலகி நின்றது. எது சரி என்று ஊரே பார்க்கட்டும் என்று விட்டார் பூர். அன்றிரவு கடிகாரமும் தொலைநோக்கியுமாகக் கூட்டம் காத்திருந்தது. கிரகணம் பூர் சொன்ன நேரத்துக்குப் பிடித்தது. பஞ்சாங்கம் தவறினால் புராணமும் தவறும் என்று நிறுவிவிட்டதாகப் பாதிரிமாருக்கு மகிழ்ச்சி.

மாணவர்கள் எடுத்துக்கொண்ட முடிவு வேறு. கணக்கு சரி என்று ஒப்புக்கொண்டார்கள். அதற்காகச் சைவத்தை விட வேண்டும் என்று பலருக்குத் தோன்றவில்லை. சாஸ்திரியாரின் கணித முறையும் ஒதுக்கித் தள்ளக்கூடியது அல்ல என்பதைப் பூருக்குப் பின் தலைவரான ஹென்றி ஹொய்சிங்டன் உணர்ந்திருக்கிறார். தமிழ்ச் சோதிட நூலொன்றை ஆங்கிலமாக்கி, 'தி ஓரியண்டல் அஸ்ட்ரானமர்' என்று 1848இல் யாழ்ப்பாணத்திலேயே அச்சிட்டார்.

பையன்களின் படிப்போடு அவர்களின் கல்யாணமும் மிஷனின் கவலையாக இருந்தது. படித்த கிறிஸ்தவப் பையனுக்குப் படித்த பெண் வேண்டுமே என்று 1824இல் உடுவிலில் பெண்களுக்கு ஓர் உறைவிடப் பள்ளி தொடங்கினார்கள். பெண்ணைப் படிக்க அனுப்பினால் யார் கட்டிக்கொள்வார்கள் என்று பெற்றோர் தயங்கினார்கள். படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணக்கும் பெண்ணுக்கு மிஷனே சீதனம் தந்தது. யாழ்ப்பாணத்து வழக்கத்தை மாற்ற வந்தவர்கள் அந்த வழக்கத்துக்கே பணம் கட்ட வேண்டியதாயிற்று.

செமினரியில் படித்து வெளியேறியவர்கள் பல திசைக்குப் போனார்கள். ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் 1841இல் 'உதயதாரகை' பத்திரிகையின் ஆசிரியர்கள் ஆனார்கள். பின்னாளில் அதே பத்திரிகையை நடத்திய ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை 'பாவலர் சரித்திர தீபகம்' என்று 1886இல் தொகுத்தார். அரசாங்க உத்தியோகத்துக்குப் போனவர்கள் இன்னும் பலர். அதுவே வினையாயிற்று. 1854 - 55இல் தலைமை மிஷனின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் சுற்றுப்பயணம் வந்தார். ஆங்கிலம் கற்றவன் ஊழியத்துக்கு வராமல் கச்சேரிக்குப் போய்விடுகிறான், ஆகவே தாய்மொழிக் கல்வி போதும் என்பது அவர் தீர்ப்பு. 1855இல் வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. மானிப்பாயில் டேனியல் பூர் காலராவில் இறந்ததும் அதே ஆண்டுதான்.

மூடிய இரண்டாவது ஆண்டிலேயே அதற்குப் பதில் வந்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகளாகத் தேறியவர்கள் இருவர்: கரோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டை மாணவர்கள். தாமோதரம்பிள்ளை பின்னாளில் சைவத்துக்குத் திரும்பினார். வீரசோழியத்தை 1881இலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு 1885இலும், கலித்தொகையை 1887இலும் அச்சேற்றினார். ஏடு தேடி, ஒப்புநோக்கி, பிழை பார்த்துப் பதிப்பிக்கும் அந்த உழைப்புக்கு, இலக்கணத்தையும் கணக்கையும் சேர்த்துக் கற்பித்த செமினரியும் ஒரு காரணம். மதம் மாற்றவே பணம் அனுப்பிய அமெரிக்கச் சபையார் இப்படி ஒரு விளைச்சலை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இதற்கிடையில் கடல் தாண்டி ஒரு கிளை வளர்ந்திருந்தது. 1834இல் அமெரிக்க மிஷன் மதுரையில் கால் வைத்தபோது, யாழ்ப்பாணத்தில் படித்த இளைஞர்கள் உதவிக்கு வந்தார்கள். சில ஆண்டுகளில் பூரும் மதுரைக்கு வந்து, 1841 வரை இருந்து பள்ளிகளைப் பரப்பினார். திருமங்கலத்தில் 1842இல் வில்லியம் டிரேசி தலைமையில் தொடங்கிய செமினரி 1845இல் பசுமலைக்கு இடம் மாறியது.

பசுமலையில் பந்திச் சண்டை வேறு முகம் காட்டியது. வட்டுக்கோட்டையில் பையன்கள் அடம்பிடித்தார்கள், மிஷன் விட்டுக்கொடுத்தது. மதுரையில் மிஷன் விட்டுக்கொடுக்க மறுத்தது. 1847இல், ஊழியத்தில் இருக்கும் எவரும் சாதியை விட வேண்டும், விட்டதற்குச் சாட்சியாக எல்லோரோடும் உட்கார்ந்து, தாழ்ந்த சாதி என்று சொல்லப்பட்டவர் சமைத்ததை உண்ண வேண்டும் என்று கட்டளை வந்தது. ஞானஸ்நானம் பெற்று, உபதேசியாராகி, ஊர் ஊராகப் பிரசங்கித்தவர்கள் அந்தப் பந்தியில் உட்கார மறுத்தார்கள். மறுத்தவர்கள் சபை நீக்கம் செய்யப்பட்டார்கள். செமினரியிலும் மாணவர் தொகை இறங்கிப் போனது. கிறிஸ்துவை ஏற்க முடிந்தவர்களுக்குப் பக்கத்து இலையை ஏற்க முடியவில்லை. மூன்று ஆண்டு கழித்து, 1850இல், சென்னை மாகாணத்துப் புரோட்டஸ்டன்ட் மிஷன்களில் பெரும்பாலானவை சாதி விஷயத்தில் இதே வழியை ஏற்றன. லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் பொறுமையாகப் போகலாம் என்று விலகி நின்றது.

ஆண்டர்சனின் கை பசுமலை மேலும் பட்டது. ஆங்கிலம் நிறுத்தப்பட்டு, உபதேசியார்களையும் கிராமத்து வாத்தியார்களையும் தயாரிக்கும் இடமாக அது சுருங்கியது. 1870இல் பொறுப்பேற்ற ஜார்ஜ் வாஷ்பர்ன்தான் நிமிர்த்தினார். 'சத்தியவர்த்தமானி' என்ற பத்திரிகையும் பசுமலையில் ஓர் அச்சகமும் அவர் முயற்சி. ஆங்கிலமும் மறுபடி நுழைந்தது. 1881இல் பசுமலை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் இரண்டாம் நிலைக் கல்லூரி ஆயிற்று. எப்.ஏ. வரைதான் படிக்கலாம், பி.ஏ.வுக்கு வேறு ஊர் போக வேண்டும்.

அடுத்த முப்பது ஆண்டுக் கதை வேகமானது. வில்லியம் சம்ப்ரோ முதல்வராக இருந்தபோது 1904இல் கல்லூரி மதுரை நகருக்கு வந்தது. 1909இல் தல்லாகுளத்தில் இன்றைய வளாகம் எழுந்தது. அதன் செங்கல் நிறத்து மெயின் ஹாலுக்கு வடிவம் தந்தவர், மைசூர் அரண்மனையை வடிவமைத்த ஹென்றி இர்வின். 1913இல் பட்ட வகுப்பு வந்தது. வகுப்பறையில் மாணவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அக்கால மாகாணக் கல்லூரி விடுதிகள் பலவற்றில் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அவர்கள் தனித்தனியாகப் பிரிந்தார்கள்; சைவ மெஸ், அசைவ மெஸ் என்ற பெயருக்குள் சாதிக் கணக்கும் இருந்தது.

கிறிஸ்தவக் கல்லூரிகளை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தெற்கே, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துச் சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் 1922இல் குருகுலம் தொடங்கினார். தேசபக்தர்களை உருவாக்கத் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் பணம் தந்த இடம் அது. அங்கே பிராமணச் சிறுவர் இருவருக்கு மட்டும் தனிப் பந்தி என்ற செய்தி வெளியே வந்தது. வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் விடவில்லை. காங்கிரஸே இரண்டு பட்டது. 1925இல் ஐயர் பாபநாசம் அருவியில் இறந்தார். குருகுலமும் அதிக நாள் நிலைக்கவில்லை. நூறு ஆண்டு இடைவெளியில், மூன்று ஊர்களில், மூன்று விதமான லட்சியக்காரர்கள் ஒரே கேள்வியில் முட்டிக்கொண்டார்கள்: பிள்ளைகள் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது?

அந்தக் கேள்வியை எந்த அறிக்கையும் தனியாகத் தீர்த்துவிடவில்லை. ஒரே மேஜையில் நாள்தோறும் மூன்று வேளை உட்கார்ந்த பழக்கம் மெல்ல மெல்லத் தீர்த்தது. சட்டமும், சுயமரியாதை இயக்கமும், ரயிலும், ஹோட்டலும் அதற்குத் துணை நின்றன. பெண்களுக்கு 1948இல் மதுரையிலேயே லேடி டோக் கல்லூரி வந்தது. அதை நிறுவியவர் கேட்டி வில்காக்ஸ். விருதுநகரில் 1947இல் நாடார் சமூகத்தார் கல்லூரி கண்டார்கள். ராஜபாளையத்துக்கு 1973இல் ராஜூக்கள் கல்லூரி வந்தது. செட்டியார்பட்டிப் பையன் அதன் பிறகு மாட்டு வண்டி கட்ட வேண்டியிருக்கவில்லை. பஸ் ஏறிப் போய்ச் சாயங்காலம் வீட்டுச் சோற்றுக்குத் திரும்பிவிடலாம். விடுதிப் பந்தி கற்றுக்கொடுத்த பாடம் அவனுக்குக் கிடைக்காமலும் போகலாம்.

இந்தக் கல்லூரிகளின் வரலாறு என்று அச்சான புத்தகங்களில் முதல்வர்களின் படமும் கட்டடத் திறப்பு விழாத் தேதிகளும் நிறைய உண்டு. விடுதியில் யார் சமைத்தார்கள், மாதம் எவ்வளவு கட்டினார்கள், முதன்முதலில் எந்த ஆண்டு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள் என்ற விவரங்கள் அரிது. அவை வீட்டுப் பரண்களில்தான் இருக்கும்: மெஸ் பில், மணியார்டர் துண்டு, அப்பாவுக்கு எழுதிய கடிதம், விடுதி ஆண்டு விழாப் படம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் தாத்தாவோ பாட்டியோ மதுரையிலும் பாளையங்கோட்டையிலும் விடுதியில் தங்கிப் படித்த குடும்பங்கள் இருக்கின்றன. அடுத்த முறை வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்யும்போது அந்தக் காகிதங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒரு நகல் எடுத்து அந்தந்தக் கல்லூரி நூலகத்துக்குக் கொடுங்கள். மதுரை அமெரிக்கன் கல்லூரி நூலகத்துக்கு டேனியல் பூரின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.