கருங்காலியும் கைவினைஞர் பெயரும்

பிரெஞ்சு மொழியில் உயர்தரத் தளபாடம் செய்யும் தச்சரை 'எபெனிஸ்த்' என்பர். கருங்காலியைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது அப்பெயர். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளரும் கருங்காலி அம்மரவகையுள் தலையாயது என்பது நம் மாணவர் அறிந்து மகிழத்தக்கது. ஆயினும் ஈண்டு ஆராயப்புகுவது மரத்தையன்று. அதனை இழைத்தவரின் பெயரையே.

1738இல் எர்க்குலேனியத்திலும் 1748இல் பொம்பெயியிலும் தொடங்கிய அகழ்வுகள் பண்டை உரோமரின் வாழ்வை வெளிக்கொணர்ந்தன. அவற்றின் விளைவாகப் பாரிஸ் தச்சர், வளைந்து நெளிந்த கால்களை விடுத்து, நெடுக வரிப்பள்ளமிட்ட நேரிய கால்களை அமைக்கலாயினர். இதுவே புதுச்செந்நெறிப் பாணி. அப்பாணியின் தலைசிறந்த தச்சர் ரீஸ்னர் (1734–1806), செருமானிய நாட்டிற் பிறந்தவர். அவருடைய ஆசான் ஓபன், பதினைந்தாம் லூயி மன்னருக்கென 1760இல் ஓர் எழுதுமேசையைத் தொடங்கி, அது முடியுமுன் 1763இல் இறந்தார். ரீஸ்னர் அம்மேசையை 1769இல் முடித்து, மரத்தில் மரம் பதிக்கும் வேலையாலேயே தம் பெயரையும் அதிற் பொறித்தார். இடையில் ஆசானின் கைம்பெண்ணை மணந்து பட்டறைக்கும் உரியவராயினார். புரட்சியின்பின், 1793, 1794ஆம் ஆண்டுகளில் வெர்சேய் அரண்மனைப் பொருள்கள் ஏலம்போயினபோது, தாம் செய்தவற்றுட் சிலவற்றைத் தாமே வாங்கிய அவலம் அவருக்கு நேர்ந்தது. வாங்கியவற்றை மீள விற்கவும் இயலவில்லை; பிரபுக்கள் எவரும் எஞ்சவில்லையே!

இவ்வளவும் நமக்கு எங்ஙனம் தெரியும்? 1743இல் வகுக்கப்பட்டு 1751 முதல் நடைமுறைக்கு வந்த பாரிஸ் தச்சர் சங்க விதி, ஒவ்வோர் ஆசானும் தம் பெயர்முத்திரையைப் பொருளில் அடிக்கவேண்டுமெனப் பணித்தது. அரசரின் தனிச்சலுகை பெற்றோர்க்கும் சில புறநகர்ப் பகுதிகளில் தொழில் செய்தோர்க்கும் அது பொருந்தாது. ஆயினும் பிற்காலத்தார்க்கு அம்முத்திரையே ஆவணமாயிற்று.

பெயரற்ற பொருளுக்கு நேரும் கதி வேறு. 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரைத் தச்சர் ஐரோப்பியருக்காகச் செதுக்கிய கருங்காலி நாற்காலிகளை, 18ஆம் நூற்றாண்டு ஆங்கில அறிஞர் ஹொரஸ் வால்போல், டியூடர் மன்னர் காலத்து ஆங்கில வேலை என்றே நம்பினார். தம் ஸ்ட்ரோபெரி ஹில் மாளிகையையும் அவற்றால் அணிசெய்தார். தமிழ்க்கரைக் கைவண்ணம் இங்கிலாந்தின் முதுசொமாக நெடுங்காலம் கொண்டாடப்பட்டது.

நம் மலைநாட்டு நிலையும் இதுவே. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கொந்தரையில் தேயிலை பயிரிட்டதற்கு முன்பே, கோப்பிக் காலத்திலேயே துரைமாரின் பங்களாக்கள் எழுந்துவிட்டன. தேக்கிலும் முதிரையிலும் செய்து பிரம்பு பின்னிய சாய்நாற்காலிகள் அவற்றின் விறாந்தைகளுக்கு வந்தன. கால் நீட்டிக் கிடத்தற்கென்றே கைச்சட்டங்கள் முன்னோக்கி நீண்ட இந்நாற்காலியைத் துரைமாரின் பெயராலேயே ஆங்கிலத்தில் வழங்குவர். இருந்தவர் பெயர் நின்றது, இழைத்தவர் பெயர் இல்லை. கொழும்பில் தளபாடம் விற்ற டொன் கரோலிசை, அநகாரிக தர்மபாலரின் தந்தையென வரலாறு அறியும். அத்தகைய கடைகளுக்கு இழைத்தும் கடைந்தும் கொடுத்த தச்சரை அறியாது. மொறட்டுவை என ஊர்ப்பெயர் சொல்வதோடு நம் அறிவு நின்றுவிடுகிறது. தோட்டத்துத் தச்சரின் பெயரைத் தேடுவதாயின், நாட்கூலி பதிந்த பழைய செக்குரோலில்தான் தேடவேண்டும். அப்பேரேடுகளையோ கறையான் நம்மினும் முந்திப் படித்து வருகின்றது.

ஹற்றனுக்கு அண்மையில் ஒரு பழைய பங்களாவின் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தேன். பெயர் இல்லை. பொருத்துகளின் அருகே உளியால் இட்ட கீறல்கள் மட்டும் இருந்தன: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எந்தக் கால் எந்தத் துளையிற் சேரும் என்று அத்தச்சர் தமக்கே வைத்துக்கொண்ட கணக்கு அது.