கல்லூரி வாசலில் கட்டும் முதல் பணம் – ஒரு சிறு வரலாறு

காசிமேட்டில் ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 15 அன்று விசைப்படகுகள் கடலுக்குப் போவதை நிறுத்திவிடும். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் அரசு போடும் தடை இது. 2001-ல் 45 நாட்களாகத் தொடங்கியது. 2017 முதல் 61 நாட்கள், அதாவது ஜூன் 14 வரை. அரசு நிவாரணத் தொகை தருகிறது, உண்மைதான். ஆனாலும் வருமானம் படுத்துவிடும் இரண்டு மாதங்கள் அவை.

பிளஸ் டூ ரிசல்ட் வருவது மே மாதத்தில். கல்லூரிகளில் அட்மிஷன் நடப்பது மே, ஜூனில். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் படகை நம்பியிருக்கும் வீட்டில் கையில் காசே இல்லாத நேரமும், கல்லூரி "உடனே கட்டு" என்று சொல்லும் நேரமும் ஒன்றாக வந்து நிற்கின்றன! இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனால் இந்த "உடனே கட்டு" என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

வடசென்னையை ஒட்டிய பிராட்வேயிலிருந்தே ஆரம்பிக்கலாம். அன்று அதன் பெயர் போபாம்ஸ் பிராட்வே. 1842 ஜனவரி 1 அன்று அங்கே பச்சையப்பர் பள்ளி திறக்கப்பட்டது. பச்சையப்ப முதலியார் 1794-லேயே இறந்துவிட்டார். அவர் உயில் எழுதி வைத்த சொத்து பல ஆண்டுகள் வழக்கில் கிடந்து, கோர்ட் தலையிட்ட பிறகு, மிஞ்சிய பணத்தில்தான் பள்ளி வந்தது. ஏழை இந்து மாணவர்களுக்காக என்று திறந்தார்கள். அந்த "இந்து" என்ற சொல்லுக்குள் தாழ்த்தப்பட்டவர்களுக்கு நெடுங்காலம் இடம் இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இருந்தாலும் படிக்க வருபவனிடம் வாங்காமல், இறந்துபோன ஒருவரின் பணத்தில் பள்ளி நடத்தலாம் என்று சென்னை அப்போதே காட்டிவிட்டது.

அடுத்து வந்தது இதற்கு நேர் எதிரான யோசனை. 1854-ல் லண்டனிலிருந்து சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை வந்தது. ராயபுரம் ரயில் நிலையம் 1856-லும் சென்னைப் பல்கலைக்கழகம் 1857-லும் வந்தன, ஏறக்குறைய ஒரே காலம். அரசு மானியம் வாங்கும் பள்ளிகள் மாணவனிடம் கொஞ்சமாவது கட்டணம் வாங்கியே ஆக வேண்டும் என்றது அந்த அறிக்கை. ஏன்? சும்மா கிடைத்தால் படிப்பின் அருமை தெரியாதாம்! இன்றைக்கும் டீக்கடையில் யாராவது ஒருவர் இதே வாதத்தைச் சொல்லிக் கேட்கலாம். 170 ஆண்டுகளுக்கு முந்தைய சரக்கு என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

கட்டணம் என்று வந்துவிட்டால் கட்ட முடியாதவனுக்கு என்ன வழி? 1944-ல் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தொடங்கியது. அப்போது அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினர். இந்தத் திட்டத்தின் விதிகளில் பி.காம். படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. கட்டாயமாகக் கட்ட வேண்டிய, திரும்பக் கிடைக்காத கட்டணங்களுக்கு உதவித்தொகை உண்டு. காஷன் டெபாசிட் போல திரும்பக் கிடைக்கும் பணத்துக்குக் கிடையாது. கணக்குப்படி பார்த்தால் நியாயம்தான். டெபாசிட் என்பது கல்லூரிக்கு வருமானம் அல்ல, பொறுப்பு. மூன்று வருடம் கழித்துத் திருப்பித் தர வேண்டிய கடன். ஆனால் ஜூன் மாதம் கவுன்டரில் நிற்கும் அப்பாவுக்கு இரண்டும் ஒன்றுதான். பாக்கெட்டிலிருந்து போகிறது!

இன்னொரு சிக்கல், உதவித்தொகை பிறகு வரும், கட்டணத்தை முதலில் கேட்பார்கள். நடுவில் இருக்கும் மாதங்களுக்குத்தான் வட்டிக்கடை இருக்கிறது.

1980-களில் ஆட்டமே மாறியது. 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. கலைக் கல்லூரிகளிலும் சுயநிதிப் பிரிவுகள் வந்தன. ஒரே கட்டடம், ஒரே பெஞ்ச், அரசு உதவி பெறும் பிரிவுக்கு ஒரு கட்டணம், சுயநிதிப் பிரிவுக்கு வேறொரு கட்டணம். "நன்கொடை" என்ற அழகான தமிழ்ச் சொல்லுக்குப் புது அர்த்தம் கிடைத்ததும் இந்தக் காலத்தில்தான்.

1992-ல் இது உச்ச நீதிமன்றம் வரை போனது. மோகினி ஜெயின் என்ற மாணவி கர்நாடகத்தின் தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றில் சேரப் போனபோது ஆண்டுக்கு 60,000 ரூபாய் கேட்டார்கள். அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கோ 2,000 ரூபாய். கேபிடேஷன் கட்டணம் செல்லாது என்று 1992 ஜூலையில் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு தமிழ்நாடும் கேபிடேஷன் கட்டணத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வாங்கும் எந்தத் தொகையும், அதற்கு என்ன பெயர் வைத்தாலும், கேபிடேஷன் கட்டணம்தான் என்கிறது அந்தச் சட்டம். வாங்கும் பணத்துக்கு ரசீது தர வேண்டும் என்றும் சொல்கிறது. மீறினால் சிறைத் தண்டனை வரை உண்டு. "என்ன பெயர் வைத்தாலும்" என்று எழுதியவருக்கு நம் ஊர்க் கல்லூரிகளின் கற்பனை வளம் நன்றாகவே தெரிந்திருக்கிறது!

இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கும் பெயர் ஓரியண்டேஷன். ஏ.ஐ.சி.டி.இ. 2017-ல் பொறியியல் முதலாண்டு மாணவர்களுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. யு.ஜி.சி. 2019-ல் தீக்ஷாரம்ப் என்ற பெயரில் எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருபவர்கள் மிரளாமல் பழக வேண்டும் என்பதே நோக்கம். நல்ல நோக்கம், சந்தேகமில்லை. ஆனால் அறிமுகத்துக்குத் தனிக் கட்டணம் என்று ரசீதில் ஒரு வரி சேர்ந்தால், யாருக்காக அந்தப் பயிற்சியோ அவர்கள்தான் முதலில் தடுமாறுவார்கள். அந்த வரியைக் கண்டால் ரசீதைக் கேட்டு வாங்கி, நிர்ணயித்த கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் தவறே இல்லை. சட்டமே கொடுத்த உரிமை அது.

அரசுக் கல்லூரிகளின் நிலைமை எவ்வளவோ மேல். இளநிலைப் படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. மற்றச் சில்லறைக் கட்டணங்கள் மட்டும் உண்டு. ஆன்லைன் விண்ணப்பத்துக்கு 48 ரூபாயும் பதிவுக்கு 2 ரூபாயும் என்று வாங்கியபோது, எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களிடம் அந்த 2 ரூபாய் மட்டுமே. 2010-ல் வந்த முதல் பட்டதாரி சலுகை தொழிற்கல்விக்குப் போகிறவர்களுக்குப் பெரிய ஆறுதல். வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியும், பழைய ஜெயில் ரோட்டில் 1964 முதல் இருக்கும் பாரதி மகளிர் கல்லூரியும் இல்லையென்றால், வடசென்னையில் எத்தனை வீடுகளில் பட்டதாரி என்று ஒருவர் இருந்திருப்பார்?

அந்தப் பாரதி மகளிர் கல்லூரியில்தான் 2022 செப்டம்பர் 5 அன்று புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிக்குக் கல்லூரிக் காலம் முழுக்க மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கியது. ஒருகாலத்தில் கைதிகளை அடைத்து வைத்த இடத்தில் இன்று பெண்கள் மாதாமாதம் வரும் ஆயிரத்தை பஸ் பாஸுக்கும் ஜெராக்ஸுக்கும் பிரித்துக் கொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்த ஆயிரமும் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் வருகிறது. சேரும் நாளில் கட்டும் பணத்துக்கு காசிமேட்டு அப்பா இன்னும் ஜூன் 15-க்காகக் காத்திருக்கிறார்.