பிரேக் இன்ஸ்பெக்டரும் எங்கள் வீட்டு 68-ஆம் வருஷ புல்லட்டும்

மோட்டார் வாகன ஆய்வாளர் என்று போர்டில் எழுதியிருப்பார்கள். ஆனால் நம்ம ஊரில் அவரை யாராவது அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் 'பிரேக் இன்ஸ்பெக்டர்'தான். யார் வைத்த பெயரோ, ரொம்பச் சரியாக வைத்திருக்கிறார்கள். வண்டி ஓடுவதை யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லிவிடலாம். நிற்குமா என்று பார்க்கத்தான் ஒரு அதிகாரி வேண்டும்.

இந்த வரலாற்றை நான் நோண்ட ஆரம்பித்ததற்குக் காரணம் அப்பாவின் புல்லட். 1968-இல் பதிவானது, மெட்ராஸ் கால மூன்றெழுத்து நம்பர். 2021-இல் மத்திய அரசு பழைய வண்டிகளுக்கென்று 'விண்டேஜ்' விதிகளைக் கொண்டுவந்ததும் நண்பர்கள் எல்லாம், "உன் வண்டிக்கு அம்பது வயசு தாண்டிடுச்சே, உடனே எழுதிப்போடு" என்றார்கள். எனக்கும் ஆசைதான். விதியைப் படித்துப் பார்த்த பிறகுதான் சிக்கல் புரிந்தது.

அதற்கு முன்னால் கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும். நம் நாட்டில் 1914-இல் ஒரு மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. பிறகு 1939-இல் இன்னொன்று. அந்த 1939 சட்டத்தில் தகுதிச் சான்று, அதாவது நாம் சொல்லும் எஃப்.சி., பஸ், லாரி, டாக்சி மாதிரி வண்டிகளுக்குத்தான். சொந்த வண்டி வைத்திருப்பவர் ஒருமுறை பதிவு செய்துவிட்டால் பெரிதாகத் தொல்லை இல்லை. 1988 சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தபோதுதான் நிலைமை மாறியது. சொந்த வண்டியின் பதிவுக்கு 15 வருஷம் ஆயுள், அதற்கப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வண்டியைக் கொண்டுபோய்க் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். சட்டப்படி இதன் பெயர் பதிவுப் புதுப்பிப்பு. நாம் இதையும் எஃப்.சி. என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

அப்பா முதல்முறை போய்விட்டு வந்து சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "இருபது வருஷமா ஓட்டுறேன், இப்ப வந்து நிக்குமான்னு கேக்குறான்!"

நான் கூடப் போனது 2003-இல். ஆய்வுக்கு வந்தவர் இளைஞர். ஃபிரேமில் அடித்திருக்கும் சேஸிஸ் நம்பர் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டார். ஹாரன், ஹெட்லைட், பின்விளக்கு எல்லாம் பார்த்தார். "ஒரு ரவுண்டு போய்ப் பாக்கறேன்" என்று ஏறினார். இங்கேதான் வேடிக்கை. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அதிலும் முதல் கியருக்கு மேலே தூக்கணும், மற்றதெல்லாம் கீழே அமுக்கணும். மனுஷர் நிறுத்துவதற்காக வலது காலை அமுக்க, வண்டி அடுத்த கியருக்குப் போய் ஜம்மென்று கிளம்பிவிட்டது! நல்லவேளை, முன் பிரேக்கைப் பிடித்துச் சமாளித்துவிட்டார். இறங்கி வந்து அப்பாவைப் பார்த்து, "சார், நீங்களே ஓட்டிக் காட்டுங்க" என்றார். அப்பா ஓட்டினார், நிறுத்தினார், பாஸ் :-)

அந்த முன் பிரேக் காப்பாற்றியதற்கு ஒரு காரணம் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

புல்லட் பிறந்த ஊர் மெட்ராஸ் இல்லை. இங்கிலாந்தின் ரெட்டிச். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவை ஆரம்பித்தார்கள். திருவொற்றியூரில் தொழிற்சாலை. பிறந்த வீட்டில் கம்பெனி 1970-இல் மூடிவிட, புகுந்த வீட்டில் வண்டி தொடர்ந்து வந்துகொண்டே இருந்தது. சரி, அந்தப் பிறந்த வீட்டில் பழைய வண்டிகளை எப்படிச் சோதித்தார்கள் என்று பார்த்தேன். அங்கேயும் ஏறக்குறைய நம்ம பிரேக் இன்ஸ்பெக்டர் கதைதான்.

1956-இல் சட்டம் இயற்றி, 1960 செப்டம்பரில் சோதனையை ஆரம்பித்தார்கள். பத்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மட்டும். பார்த்தது மூன்றே விஷயம்: பிரேக், விளக்கு, ஸ்டீரிங். அப்போதைய போக்குவரத்து அமைச்சகத்தின் முதலெழுத்துகளால் 'எம்.ஓ.டி.' என்று பெயர். அமைச்சகத்தின் பெயர் எப்போதோ மாறிப்போச்சு, சோதனையின் பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. முதல் சுற்றிலேயே ஏகப்பட்ட வண்டிகள் ஃபெயில். பயந்துபோய் 1961 முடிவதற்குள் பத்து வருஷத்தை ஏழாக்கினார்கள். 1967-இல் அது மூன்றானது.

பிறகு காலம் திரும்பியது. 2012 நவம்பரில், 1960-க்கு முன் தயாரான வண்டிகளுக்குச் சோதனையே வேண்டாம் என்றார்கள். பதிவான மொத்த வண்டிகளில் அவை 0.6 சதவீதம், ஆனால் விபத்துகளில் அவற்றின் பங்கு 0.03 சதவீதம்தான் என்று அரசே கணக்குச் சொன்னது. வெயிலில் கூட வெளியே எடுக்காமல் துடைத்துத் துடைத்து வைப்பவர்கள் ஆயிற்றே! 2018 மே மாதத்திலிருந்து நாற்பது வயது தாண்டிய எந்த வண்டிக்கும் இந்தச் சலுகை. ஆனால் ஒரு நிபந்தனை: வண்டியில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக்கூடாது. செய்திருந்தால் மறுபடியும் சோதனைக்கு வரிசையில் நிற்கவேண்டும். சோதனை இல்லை என்பதற்காக ஓட்டை வண்டியை ரோட்டில் எடுக்கவும் முடியாது, பிடித்தால் 2,500 பவுண்டு வரை அபராதம்.

கவனித்தீர்களா, கேள்வியே மாறிவிட்டது. 1960-இல் கேட்டது 'இது நிற்குமா?' என்று. இப்போது கேட்பது 'இது அப்படியே இருக்கிறதா?' என்று.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014 உத்தரவு இன்னும் ஒரு படி மேலே. வரலாற்று வண்டி என்றால் முப்பது வயதாவது இருக்கணும், அசல் நிலையில் இருக்கணும், அந்த மாடல் இப்போது தயாரிப்பில் இருக்கக்கூடாது. நம்ம புல்லட்டை என்ன செய்வார்களோ!

நம் 2021 ஜூலை விதியும் இதே வழிதான். முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் மாற்றம் செய்து பெரிய அளவில் பிரித்துக் கட்டியிருக்கக்கூடாது. மாநிலக் குழு பார்த்துச் சொல்லும். புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், புதுப்பிக்க 5,000. புதுப் பதிவுக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு நம்பர். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம், இது ஒரு நல்ல காரியம். ஆனால் தினசரி ஓட்டக்கூடாது. கண்காட்சி, ஆராய்ச்சி, விண்டேஜ் பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குக் கொண்டுபோக, அவ்வளவுதான்.

இப்போது என் சிக்கலுக்கு வருகிறேன். 1983-இல் திண்டிவனம் தாண்டிப் போகும்போது எஞ்சின் ஜாம் ஆகிப் பின்சக்கரம் இறுகிவிட்டது. அப்பாவுக்குப் பின்னால் அம்மா, நடுவில் நான். விழவில்லை, அது எங்கள் பூர்வ புண்ணியம். அடுத்த மாதமே அப்பா வேறொரு புல்லட்டின் எஞ்சினை வாங்கிப் பொருத்தி, ஆர்.சி. புத்தகத்தில் முறையாக ஏற்றிவிட்டார். அதே சூட்டில் முன் சக்கரத்தின் சின்ன டிரம்மைக் கழற்றிவிட்டு, இரண்டு ஷூவும் சேர்ந்து பிடிக்கிற பெரிய டிரம் போட்டார். 2003-இல் அந்த இளைஞரை நிறுத்தியது அதுதான். பிற்பாடு நான் என் பங்குக்கு 6 வோல்ட்டை 12 ஆக்கினேன். அதற்கு முன் இருந்த ஹெட்லைட் வெளிச்சத்தில் எதிரே வருபவருக்கு நாம் தெரிவோம், நமக்கு ரோடு தெரியாது.

பிரேக்கையும் விளக்கையும் பழையபடி ஆக்கிவிடலாம், பழைய டிரம் பரணில்தான் இருக்கிறது. எஞ்சினை? ஆர்.சி.யிலேயே எழுதியிருக்கிறதே. அப்பா செய்த ஒவ்வொன்றும் வண்டி ஒழுங்காக ஓடவும் நிற்கவும் செய்தது. அதைச் செய்ததாலேயே அது 'விண்டேஜ்' இல்லாமல் போய்விட்டது. எதையும் தொடாமல் அப்படியே கொட்டகையில் போட்டிருந்தால் தகுதி கிடைத்திருக்கும். விதி எழுதியவர்களையும் குறை சொல்ல முடியாது. எதை வேண்டுமானாலும் ஒட்டவைத்து 'பழைய வண்டி' என்று விற்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனாலும் மனசு ஆறவில்லை.

அதனால் பழைய வழியிலேயே 2023-இல் வரிசையில் நின்றேன். அப்பா இல்லாமல் போன முதல் எஃப்.சி. புகைச் சான்றுக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதத்துக்குள் இருக்கணும், ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பியதும் வந்துவிட்டது. கட்டணம் முன்பு 300 ஆக இருந்தது, 2022 ஏப்ரலிலிருந்து 1,000. (2025 ஆகஸ்டில் இருபது வருஷம் தாண்டிய பைக்குக்கு 2,000 ஆக்கிவிட்டார்கள்.) ஆய்வுக்கு வந்தவர் இந்தமுறை நடுத்தர வயது அம்மா. வண்டியைச் சுற்றி வந்து, "கியர் வலது பக்கமா? நீங்களே ஓட்டுங்க சார்" என்று சிரித்தார். ஓட்டினேன். கையைக் காட்டிய இடத்தில் நின்றது.

அடுத்தது 2028.