பழகுதலும் ஒரு பாடம்

பிறரோடு பழகுவதை, வண்டி ஓட்டுவதைப் போலக் கற்றுத் தேறக்கூடிய திறனாக 1967-இல் விளக்கினர் ஆக்ஸ்ஃபோர்டின் மைக்கேல் ஆர்கைலும், பின்னாளில் சைகை ஆய்வின் முன்னோடியான ஆடம் கெண்டனும். முன்மாதிரியைக் காணுதல், நடித்துப் பழகுதல், திருத்தம் பெறுதல் ஆகியன நடத்தைச் சிகிச்சையின் சமூகத்திறன் பயிற்சிக்கு அடிப்படையாயின.

பெங்களூரில், 1974-இல் உருவான நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் ஸ்ரீகலா பரத்தும் கிஷோர் குமாரும் இதற்கு நெருக்கமான வாழ்க்கைத்திறன் பயிற்சியை வகுப்பறைக்குக் கொண்டுசென்றனர், பயிற்றுநர்கள் ஆசிரியர்களே. 2010-இல் வெளியான அவர்களது மதிப்பீடு, ஓராண்டு பயின்ற 605 மாணவர்களைப் பயிலாத 423 பேரோடு ஒப்பிட்டது. பயின்றோரிடம் தன்மதிப்பும், ஆசிரியரோடும் பள்ளியோடும் இணக்கமும் மிகுந்திருந்தன. வீட்டாரோடும் ஒத்த வயதினரோடும் கொண்ட இணக்கத்தில் வேறுபாடு காணப்படவில்லை.

மொழியியல் பயின்ற எனக்கு இக்கடைசி முடிவே முதன்மையாகப் படுகிறது. வகுப்பில் பயிலும் பணிவுமொழி ஆசிரியரிடம் செல்லும். நண்பனிடம் எவரும் 'மன்னிக்கவும்' என்பதில்லை; தோளில் கை போடுகிறோம். தாயிடம் மறுப்பைச் சொல்லாமல் சாப்பாட்டைத் தள்ளிவைக்கிறோம். இவற்றையும் ஆவணப்படுத்திய பின்னரே பயிற்சி ஏடுகள் எழுதப்பட வேண்டும் என்பது என் கருத்து. அது உளவியலாளரின் பணி மட்டுமன்று. நம் துறையின் பணியும்கூட.