குதிரைப் பந்தயப் பணமும் கணினியில் பிறந்த மந்தையும்

1951-ஆம் ஆண்டு மெல்போர்ன் கோப்பைப் பந்தயத்தில் டெல்டா என்ற குதிரை முதலில் வந்தது. அதன் உரிமையாளர் அடால்ஃப் பாசர், சிட்னியில் நகைக்கடை வைத்திருந்தவர். சில ஆண்டுகள் கழித்து அவர் சிட்னிப் பல்கலைக்கழகத்துக்கு 50,000 பவுண்டு நன்கொடை கொடுத்தார். டெல்டா ஈட்டிய பணம் அது என்றுதான் சொல்வார்கள். இயற்பியல் துறைத் தலைவர் ஹாரி மெசலின் முயற்சியில், அந்தப் பணத்தின் துணையோடு சில்லியாக் என்ற கணினி உருவாகி 1956-இல் ஓடத் தொடங்கியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் கொண்ட பெரிய இயந்திரம். ஆனால் அதன் நினைவகத்தில் அடங்கியவை 1,024 எண்கள் மட்டுமே. ஒவ்வொன்றும் 40 இரும இலக்கம் நீளம்.

கால்நடை இனவிருத்தியை விளையாட்டாக ஆடிக் கற்கும் முறைக்கு வேர் இந்த இயந்திரத்தில் இருக்கிறது என்பேன்.

அலெக்ஸ் ஃபிரேசர் ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வில் விலங்கு மரபியல் அறிஞராக இருந்தவர். கம்பளி அன்று அந்த நாட்டின் செல்வம். எந்தக் கிடாவை விட்டால் கம்பளி கூடும் என்பது அங்கே பொருளாதாரக் கேள்வி. விடை காணத் தடையாக நின்றது காலம். செம்மறியில் ஒரு தலைமுறைக்கு மூன்று நான்கு ஆண்டு, மாட்டில் ஏறக்குறைய ஐந்து. பத்துத் தலைமுறை பார்ப்பதற்குள் ஆய்வாளருக்கு ஓய்வு வயது வந்துவிடும்.

ஃபிரேசர் சில்லியாக்கில் ஆடுகளை எண்களாக்கினார். ஒரு மரபணுவின் இரண்டு வடிவங்களுக்கு 0, 1. அவற்றின் வரிசை ஒரு குரோமோசோம். தாயிடமிருந்து எது, தந்தையிடமிருந்து எது என்பதைத் தற்செயல் எண்கள் தீர்மானிக்கும். பிறந்தவற்றில் சிறந்தவை மட்டும் அடுத்த தலைமுறைக்குப் பெற்றோர் ஆகும். மரபணுக்கள் ஒரே குரோமோசோமில் நெருங்கிக் கிடந்தால் முன்னேற்றம் தாமதப்படுமா என்று அவர் தேடினார். இதற்கான முதல் கட்டுரைகள் 1957-இல் வெளிவந்தன. பின்னாளில் பொறியியலில் பெயர் பெற்ற மரபணுப் படிமுறைகளுக்கும் (genetic algorithms) அவை முன்னோடி.

அது ஆய்வுக்கருவி, பாடம் அல்ல. கணினி மேசைக்கு வந்த பிறகுதான் அது மாணவர் கைக்கு எட்டியது. சிட்னி இருக்கும் அதே நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், ஆர்மிடேல் நகரின் நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகத்தில் பிரையன் கிங்ஹார்ன் 'ஜென்அப்' என்ற பயிற்சி மென்பொருள் தொகுப்பைச் செய்தார். வேறு நாடுகளிலும் பால்மாட்டுக்கு, பன்றிக்கு, செம்மறிக்கு என இப்படிப்பட்டவை எழுந்தன. பொதுவாக ஆட்டம் இதுதான்: மாணவரிடம் ஒரு மந்தை, ஒவ்வொரு உயிருக்கும் அளவுகள். எதை எதோடு சேர்ப்பது, எதைக் கழிப்பது என்று அவரே முடிவு செய்வார். ஒரு பொத்தானை அழுத்தினால் ஓர் ஆண்டு ஓடும்.

முதலில் கிடைப்பது ஏமாற்றம், அதுவே முதல் பாடம். சராசரியைவிட ஒரு கிலோ கூடுதல் கம்பளி தரும் கிடாவைச் சராசரி ஆடுகளோடு சேர்க்கிறார் மாணவர். குட்டிகளும் ஒரு கிலோ கூடுதலாகத் தரும் என்று நினைக்கிறார். ஆனால் அந்தக் கூடுதலில் மரபால் இறங்குவது 30 விழுக்காடு என்று வைத்தால், மீதி தீவனமும் பருவமும் தந்தது. அந்த 30-இலும் பாதியே கிடாவின் பங்கு. கிடைப்பது 150 கிராம்! வகுப்பில் இதே கணக்கைக் கரும்பலகையில் போட்டால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். தங்கள் மந்தையில் நடந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

அடுத்து வருவது பேராசை. சிறந்த காளையையே திரும்பத் திரும்ப விட்டு, கடைசியில் அதன் மகள்களோடும் சேர்ப்பார்கள். அப்படிப் பிறக்கும் கன்றின் மரபணு இணைகளில் 25 விழுக்காடு அளவுக்கு, இரு பக்கமும் ஒரே முன்னோரின் படியே வந்து அமர வாய்ப்பு. கருத்தரிப்பு குறையும், கன்றுச் சாவு கூடும். திரையில் இது மதிப்பெண் இழப்பு மட்டும். கொட்டிலில் நடந்தால் ஒரு குடும்பத்தின் பல ஆண்டு வருமானம் போகும். தவறு தெரியவரும்போது அந்தக் காளையின் சந்ததி ஊர் முழுக்க நிறைந்திருக்கும்.

கால்நடை மருத்துவம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது. மென்பொருள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு நாணயமும் ஒரு தாளும் போதும். தலையா பூவா என்று சுண்டி ஒவ்வொரு மரபணுவையும் இறக்கி, பத்துத் தலைமுறை மந்தையை மாணவர்களே வளர்க்கட்டும். அதன் பிறகு பொலிகாளையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள்.