பெற்றோரின் மனநோயும் பிள்ளைகளின் மனநலமும்

"அவர் அப்பாவுக்குப் புத்தி சுவாதீனம் இல்லையாமே, அந்த வீட்டில் சம்பந்தம் வைக்கலாமா?" வரன் பார்க்கும்போது குரலைத் தாழ்த்திக் கேட்கப்படும் கேள்வி இது. கடல் கடந்து வந்த பின்னும் நம்மவர்கள் இதை விடவில்லை. அச்சத்தில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி அதிகம் பேசப்படாதது.

முதலில் அந்தப் பாதி உண்மை. மனச்சிதைவு நோய் பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு, அல்லது அதற்கும் குறைவாகவே வருகிறது. தாய், தந்தையரில் ஒருவருக்கு இருந்தால், பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ பத்து சதவீதம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான ஒரு கட்டுரை, மனச்சிதைவு, இருதுருவ நோய், கடும் மனச்சோர்வு ஆகியவற்றில் ஒன்று பெற்றோருக்கு இருந்தால், பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு அவற்றில் ஏதேனும் ஒன்று வருவதாகக் கணக்கிட்டது. மூன்றில் இருவருக்கு வருவதில்லை என்றும் இதைப் படிக்கலாம்.

அந்த இருவரைக் காப்பது எது? ஃபின்லாந்தில் பெக்கா டியெனாரி குழுவினர், மனச்சிதைவு உள்ள தாய்மார்களுக்குப் பிறந்து வேறு குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். அமைதியான வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நோய் வந்தது மிகக் குறைவு. சச்சரவும் குழப்பமும் மிகுந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்குப் பல மடங்கு அதிகம். நிரல் எழுதிப் பிழைப்பவன் நான். ஒரே நிரல், உள்ளீடு மாறினால் வேறு விடை தருவது எனக்குப் புதிதல்ல.

இன்னொரு ஆய்வு மேலும் நம்பிக்கை தருகிறது. அமெரிக்காவில் மிர்னா வைஸ்மன் குழுவினர் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்ற தாய்மார்களையும் அவர்களின் பிள்ளைகளையும், மொத்தம் 151 ஜோடிகளை, ஆராய்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டனர். மூன்று மாதத்தில் தாய் தேறிய வீடுகளில், மனநலக் குறைபாடுள்ள பிள்ளைகளின் விகிதம் 11 சதவீதம் குறைந்தது. தாய் தேறாத வீடுகளில் சுமார் 8 சதவீதம் கூடியது. பெற்றவளுக்குத் தரும் மருந்து பிள்ளைக்கும் போய்ச் சேர்கிறது என்று தோன்றுகிறது.

மருந்து எட்டாத இடம் ஒன்று உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர், பதினோரு வயதில் தாயின் மாத்திரைகளைத் தினமும் எண்ணி வைப்பது தன் வேலையாக இருந்தது என்றார். மருத்துவரிடம் மொழிபெயர்த்ததும் அவர்தான். அது என்ன நோய் என்று மட்டும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. தன் குறும்பால்தான் அம்மா இப்படி ஆனாள் என்றே நெடுநாள் நினைத்திருந்தாராம். தாத்தா பாட்டி அருகில் இல்லாத, பெற்றோரைவிடப் பிள்ளைக்கு ஊர்மொழி நன்றாகத் தெரிந்த புலம்பெயர் வீடுகளில் இந்தச் சுமை இன்னும் கூடுகிறது.

சில நாடுகள் இதைக் கவனித்துள்ளன. நார்வேயில் 2010 முதல், நோயாளிக்குச் சிறு பிள்ளைகள் இருந்தால் அவர்களின் தேவையையும் மருத்துவப் பணியாளர்கள் கவனிக்க வேண்டும் என்பது சட்டம். இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. நோயின் பெயரைப் பிள்ளைக்குப் புரியும் சொற்களில் சொல்லுங்கள். அது அவன் தவறால் வந்ததல்ல என்றும், குணப்படுத்துவது அவன் பொறுப்பல்ல என்றும் சொல்லுங்கள். நிலைமை மோசமானால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு தொலைபேசி எண்ணையும் கொடுங்கள். அந்த எண் ஒரு சித்தியுடையதாகவோ, பக்கத்து வீட்டு மாமியுடையதாகவோ, உங்களுடையதாகவோ இருக்கலாம்.