ஆறு பென்சும் மூன்று பூட்டுகளும்

சிக்கனமாக வாழவேண்டும் என்று ஏழைகளுக்கு உபதேசம் செய்தோர் எந்நாட்டிலும் உளர். ஆனால், மிச்சம் பிடித்த சிறு காசை எங்கே வைப்பது என்ற வினாவிற்கு விடை கண்டோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர், ஸ்கொத்லாந்தின் தென்பகுதியிலுள்ள றுத்வெல் என்னும் சிற்றூரிற் போதகராயிருந்த ஹென்றி டங்கன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்நாட்டு வங்கிகளிற் கணக்குத் திறப்பதற்குப் பத்துப் பவுண் வேண்டியிருந்தது. உழைத்துண்ணும் கூலியாளுக்கு அஃது எட்டாத தொகை. எனவே, கையில் மிஞ்சிய காசு வீட்டு மூலையிற் கிடந்தது. அல்லது வீணே செலவாயிற்று. நோயோ வேலையின்மையோ வந்துற்றபோது, அவன் பிறருடைய தருமத்தை நாடி நின்றான். அவனை ஊதாரி என்று பழித்தவர்கள், அவனுக்கெனத் திறந்திருந்த கதவு ஒன்றேனும் உண்டோ என்று பார்த்தாரில்லை.

1810ஆம் ஆண்டு மே மாதத்தில் டங்கன் ஒரு சேமிப்பு வங்கியைத் தொடங்கினார். ஆறு பென்ஸ் கொண்டுவந்தவரும் அங்கே கணக்கு வைக்கலாம். பத்துப் பவுணுக்கு நானூறு ஆறு பென்ஸ் நாணயங்கள் வேண்டும் என்பதை எண்ணினால், அவர் வாசற்படியை எவ்வளவு தாழ்த்தினார் என்பது விளங்கும். பணப்பெட்டிக்கு மூன்று பூட்டுகள் இருந்தன. திறவுகோல்கள் வெவ்வேறு பேரிடம் இருந்தன. அனைவரும் கூடினாலன்றிப் பெட்டி திறவாது. ஏழையின் காசு சிறிதாயினும் அதற்குரிய காவல் பெரிதாயிருத்தல் வேண்டும் என்பதை டங்கன் உணர்ந்திருந்தார். முதலாண்டின் முடிவில் 151 பவுண் சேர்ந்தது.

பின்னர் இவ்வழி அகன்றது. கிளாட்ஸ்ரன் நிதியமைச்சராயிருந்த 1861ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தினால், பிரித்தானிய அஞ்சலகங்கள் ஒரு சிலிங் முதலாக வைப்புப் பெறத் தொடங்கின. அந்த ஒரு சிலிங்கும் ஒரே முறையிற் கொடுக்க இயலாதோர் இருந்தனர். கண்பார்வை இழந்தவரான அஞ்சல் அதிபர் ஹென்றி போசெற், 1880இல் அவர்களுக்கும் ஒரு வழி வகுத்தார். ஒரு பென்னி முத்திரைகளை ஒன்றொன்றாய் வாங்கித் தாளில் ஒட்டிவர வேண்டும். பன்னிரண்டு சேர்ந்ததும் அத்தாளைக் கொடுத்து ஒரு சிலிங்கைக் கணக்கில் இட்டுக்கொள்ளலாம்.

அக்காலத்திற் பிரித்தானிய ஆட்சியிலிருந்த இலங்கைக்கும் இம்முறைகள் வந்து சேர்ந்தன. தேசாதிபதி வில்மட் ஹோட்டன் காலத்தில், 1832இல் இலங்கைச் சேமிப்பு வங்கி நிறுவப்பட்டது. 1885இல் தபாற் சேமிப்பு வங்கி தோன்றியது. 1972இல் இவ்விரண்டும் தேசிய சேமிப்பு வங்கியில் ஒன்றிணைந்தன.

வரவறிந்து செலவிடுதல் ஒரு கல்வி. அக்கல்வியை உபதேசத்தினால் மட்டும் புகட்டுதல் இயலாது. தன் பெயர் எழுதிய கணக்குப் புத்தகத்திற் சிறு தொகை ஒன்று பதியப்பட்டதைக் கண்டவனே அடுத்த கிழமை எவ்வளவு மிஞ்சும் என்று கணக்கிடத் தொடங்குகிறான். றுத்வெல் மக்களுக்கு முதலிற் கிடைத்தது அவ்வாய்ப்பு. சிக்கனம் அதன்பின் தானே வந்தது.